படத்தில் இல்லாத கிணறு

பத்தொன்பதாம் டோக்கன் பேசிக்கொண்டிருக்கிறது. ஆள் பெயர் இங்கே யாருக்கும் வேண்டாம், டோக்கன்தான், பத்தொன்பது வாங்க, பத்தொன்பது சுருக்கமாப் பேசுங்க. என் கையில் இருப்பது இருபத்தேழு. பிடித்துப் பிடித்து அட்டை நைந்துவிட்டது. இவ்வளவு குளிரில் உள்ளங்கை மட்டும் எப்படி வியர்க்கிறது என்று தெரியவில்லை. கல்யாண மண்டபம் இது. அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஏசியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்புச் சிம்மாசனத்தை நகர்த்த ஆளில்லாமல் அதற்கு முன்னாலேயே மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் அதிகாரி அம்மா, அந்தப் பக்கம் ஹோட்டல் கம்பெனி இன்ஜினியர், இந்தப் பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் கிளார்க். அவர்களுக்குப் பின்னால் அந்தச் சிம்மாசனம் காலியாக இருப்பதை நான் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அதற்கு மேலே பேனர், நில உபயோக மாற்றம் குறித்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். தமிழில் சொல்வதென்றால், எங்கள் தெருவை ஒட்டி மூடிக்கிடக்கிற ஐஸ் கம்பெனி இடம் இதுவரை தொழிற்சாலை இடம், அதைக் கடை கண்ணி வரக்கூடிய இடமாக மாற்றிவிட்டால் பதினாலு மாடி ஹோட்டல் கட்டலாம், தூத்துக்குடியில் நட்ட நடு ஊரில், மேலே நின்றால் கடல் தெரியுமாம். அந்த ஐஸ் கம்பெனி காம்பவுண்டுக்குள் வாட்ச்மேன் ரூமில்தான் நானும் அம்மாவும் இருக்கிறோம். அப்பா அங்கே வாட்ச்மேனாக இருந்தார். இருந்தார் என்று சொல்வதா இருக்கிறார் என்று சொல்வதா என்பதுதான் ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் தீராத கணக்கு. நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். காரணம் கேட்பார்கள், கஷ்டமா, காதலா, உடம்புக்கு முடியலையா என்று. ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை, போகவில்லை. இப்போது ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன், இந்தக் கூட்டத்துக்கான படிவத்தை இருநூறு காப்பி எடுத்ததே நான்தான். அதில் இரண்டு கட்டம். ஆட்சேபணை. ஆதரவு. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். என் படிவத்தில் இன்னும் இரண்டும் காலி.

தெரு முழுக்க ஆட்சேபணை. டீக்கடை மாசானமுத்து அண்ணாச்சி வீடு வீடாக ஏறிச் சொல்லிவிட்டார். வாசலில் டோக்கன் வாங்கும்போது கூட என்னைப் பிடித்து, "ஏ உகந்தா, காம்பவுண்டுக்குள்ளயே குடியிருக்கவ நீங்கதான், நீ பேசுனாத்தான் எடுபடும். செத்த அழுது பேசு. பொட்டப்பிள்ள அழுதா பேப்பர்ல போட்டோ வரும்" என்றார். "எனக்கு அழ வராது அண்ணாச்சி" என்றேன். "கடையில வெங்காயம் கெடக்கு, எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. ஏனென்றால் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே வேறு சொல்லியிருந்தாள். "ஏட்டி, ஆதரவுன்னு சொல்லிரு." பின்னலை இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆதரவா? வீட்டை விட்டுட்டு எங்க போக?" என்றேன். "எங்கயாவது போவோம். தோண்டட்டும்ட்டி. பதினாலு மாடின்னா ஆழமாத் தோண்டணும்லா. தோண்டுனாத் தெரிஞ்சிரும்லா." எது தெரிந்துவிடும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கிணறு. ரூமுக்குப் பின்னால் இருக்கிறதே அந்தக் கிணறு. ஐஸ் கம்பெனி ஓடின காலத்தில் மிஷின் சூட்டைத் தணிக்க அதிலிருந்துதான் தண்ணீர் இழுப்பார்கள், உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. அப்பா அதில்தான் இருக்கிறார் என்று அம்மா நினைக்கிறாள். ஆறு வருஷமாக நினைக்கிறாள். நினைத்துக்கொண்டே தினமும் காலையில் குளித்து நெற்றியில் குங்குமம் வைக்கிறாள், வைக்கும்போது ஒரு நிமிஷம் விரல் அந்தரத்தில் நிற்கும், நான் பாயில் படுத்தபடியே அதைப் பார்ப்பேன், வைக்கட்டுமா வேண்டாமா என்று விரலே யோசிக்கிற மாதிரி இருக்கும், பிறகு வைத்துவிடுவாள். கல்யாண வீட்டில் சந்தனம் குங்குமம் தட்டோடு வருகிற பெண்களும் அம்மா முன்னால் வந்ததும் அதே மாதிரி ஒரு நிமிஷம் நிற்பார்கள். இப்போது அம்மா எனக்கு நாலு வரிசை பின்னால், பக்கத்து வீட்டு சொர்ணக்கிளி அக்கா பக்கத்தில். டோக்கன் வாங்கினவர்கள் மட்டும் வரிசைப்படி முன்னால் உட்கார வேண்டுமாம், அக்கா கையில் டோக்கன் இருந்தும் அம்மாவுக்குத் துணையாகப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். பார்த்தால் தலையை ஆட்டுவாள், சொல்லிரு என்று.

இருபத்தொன்று. குரூஸ் மாமா. ஹோட்டல் நிழல் மத்தியானம் வரை எங்கள் தெருவில்தான் விழும், துணி காயாது, கருவாடு காயாது என்கிறார், கூட்டம் சிரிக்கிறது, கைதட்டுகிறது. இங்கே யார் என்ன பேசினாலும் பேசி முடித்ததும் கைதட்டுகிறார்கள், கல்யாண மண்டபம் இல்லையா, பழக்கம். நான் தட்டவில்லை. எனக்கு முன்னால் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் ஒரு ஆள் இருக்கிறான், அவன் பிடரியைத்தான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கக் கூடாது என்றால் பார்வை அங்கேதான் போகும், எனக்கு எப்போதும் அப்படித்தான். கழுத்தில் இரண்டு மடிப்பு, முடி வெட்டின இடத்தில் வெயில் படாத வெள்ளைக் கோடு, இடது காது கொஞ்சம் வெளியே துருத்தினது. அப்பா பிடரி. அப்பா இல்லை, அப்பா பிடரி. அவன் அசையவே இல்லை. கைதட்டவில்லை, போண்டா வந்தபோது கை நீட்டவில்லை. திரும்பாதே, திரும்பாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அதே சமயம் திரும்பித் தொலை என்றும் இருக்கிறது. பஸ்ஸிலும் இப்படித்தான். பிடரிதான் தெரிந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, எனக்குப் பதினொரு வயசு, பள்ளிக்கூடம் அரை நாள் விட்டுவிட்டார்கள், பாலத்து ஸ்டாப்பில் திருச்செந்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஜன்னல் ஓரத்தில் அப்பா. நீலக் கட்டம் போட்ட சட்டை. அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், பஸ் எடுத்துவிட்டான். இதை நான் பார்த்தேனா? பார்த்தேன். சட்டையின் காலரில் வெளுத்துப்போன மடிப்புகூட ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் அப்பா இல்லை. காலையில் அம்மாவோடு சண்டை, அதனால் எங்கேயாவது போயிருப்பார் என்று பேசாமல் இருந்தோம். சாயங்காலம்தான் கிணற்றடியில் அவர் செருப்பைப் பார்த்தது. ஜோடியாக, ஒழுங்காக, கோயில் வாசலில் விடுகிற மாதிரி.

மறுநாள் தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்கிற கொக்கிக் கொத்து, அதைப் போட்டு மனுஷனைத் தேடுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. இரும்பு எதிலாவது உரசும்போது கிர்ர் என்று ஒரு சத்தம் கயிறு வழியாக மேலே வரும், பிடித்திருந்தவர் கை நிற்கும், இழுப்பார்கள். முதலில் ஒரு வாளி வந்தது. அடுத்து ஒரு சைக்கிள் டயர். அடுத்து பாசி பிடித்த ஒரு துணிக் கற்றை, சாக்கு. அடியில் ஒரு வாய் இருக்கிறது, கடல் பக்கமாகப் பக்கவாட்டில் போகிறது, கரண்டி அங்கே திரும்பாது, துறைமுகத்திலிருந்து முங்கு ஆள் வரவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இன்னும் ஒரு தடவை இறக்கினார்கள். கிர்ர். கை நின்றது. எனக்கு முடியவில்லை. அவ்வளவுதான், முடியவில்லை. அந்தக் கயிறு மேலே வரக் கூடாது. "நான் அப்பாவப் பாத்தேன்" என்றேன். போலீஸ்காரர் திரும்பினார். "எங்க பாத்த?" "நேத்து மத்தியானம். திருச்செந்தூர் பஸ்ஸுல போனாவ. நீலக் கட்டம் போட்ட சட்டை." தீயணைப்பு ஆள் ஒருவர், "செருப்பில்லாமலா பஸ் ஏறுவான்?" என்றார். போலீஸ்காரர், "பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுட்டுக் கோவிச்சுட்டுப் போறவன் செருப்பையா தேடுவான்?" என்றார். எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நான் பார்த்தேன், முகம் முகமாகப் பரவினது. கயிற்றைச் சுருட்டிவிட்டார்கள். முங்கு ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலையில் நான் பல் தேய்க்கப் பின்பக்கம் போகிறேன், கொடியில் அந்தச் சட்டை தொங்குகிறது. நீலக் கட்டம். காலரில் வெளுத்த மடிப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா துவைத்துப் போட்டது, ஓடின ஓட்டத்தில் எடுக்க மறந்தது, உப்புக் காற்றில் விறைத்துப்போய் கை இரண்டும் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியென்றால் பஸ்ஸில் போனது யார்? அம்மா வந்தாள், கிளிப்பை எடுத்தாள், மடித்தாள், டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். என்ன சட்டை போட்டிருந்தாவ என்று அம்மா இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லாரும் கேட்டார்கள், அவள் மட்டும் கேட்கவில்லை, அது எனக்கு ரொம்ப நாள் நல்லதாகப் பட்டது. இப்போது இந்தக் குளிரில் உட்கார்ந்து யோசித்தால் முதுகில் ஏதோ நடக்கிறது.

அடுத்த மாசமே முதலாளி ஆள் அனுப்பிக் கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார், பிள்ளைகள் விழுந்துவிடும் என்று. பழைய குழாய் போன இடத்தில் மட்டும் கை நுழைகிற அளவு ஓட்டை. அந்த மூடிமேல் நல்ல வெயில் அடிக்கும், ஆனால் யாரும் அதில் வற்றல் காயப்போட மாட்டார்கள், பூனைகூடச் சுற்றித்தான் போகும். கடல் ஏறுகிற நேரத்தில் உள்ளே தண்ணீர் ஏறும், காற்றை ஓட்டை வழியாகத் தள்ளும், ஹும் என்று ஒரு சத்தம் வரும். எங்கள் சயின்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன், காற்றுத்தான் என்று போர்டில் படம் போட்டே காட்டினார், எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அப்பா வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார், நாங்கள் துணி கிணி மாற்றிக்கொண்டிருந்தால் தெரிய வேண்டும் என்று. அதே ஹும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா எந்த வேலையில் இருந்தாலும் சேலையைச் சரிசெய்துகொள்வாள். அவளுக்கே தெரியாமல் கை போகும். ரூம் தரையும் அப்படித்தான், ஐஸ் கம்பெனி மூடிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, சித்திரை வெயிலிலும் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். இந்த மண்டபத் தரை அதே ஜில். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டேன். பார்த்தால் என் வரிசையில் எல்லாரும் காலைத் தூக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றாம் வரிசை ஆள் மட்டும் தரையில் ஊன்றியிருக்கிறான். ஸ்பீக்கர் ஹும் என்கிறது. இருபத்தைந்து வாங்க. சொர்ணக்கிளி அக்கா பின்னாலிருந்து எழுந்து என்னைத் தாண்டிப் போகிறாள், போகிற போக்கில் என் தோளைக் கிள்ளிவிட்டு, "பயப்படாதட்டி, நான் போய் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு வாரேன்" என்கிறாள். மைக்கைப் பிடித்ததும், "ஐயா, எங்க தெருவுல இப்பவே அடிபம்பு இருமுது. நீங்க பின்னாடி தோண்டோ தோண்டுன்னு தோண்டுனா இருக்க தண்ணியும் போயிரும்லா?" இன்ஜினியர் சிரித்தான். சின்ன வயசுதான், நல்ல பையன் மாதிரிதான் இருக்கிறான். திரையில் படத்தைப் போட்டான், சிவப்பு வெளிச்சப் புள்ளியை ஓட்டினான். "அம்மா, பின்னாடி தோண்டவே போறதில்ல. கட்டடம் முழுக்க ரோட்டுப் பக்கம்தான், அஸ்திவாரமும் அங்கதான். பின்பக்கம் இதோ, பச்சையா இருக்கு பாருங்க, வெறும் புல்தரை, விதிப்படி காலியா விடணும். பழைய தொட்டி, கிணறு ஏதாவது இருந்தா மணல் கொட்டி நிரப்பிருவோம், மேல புல்லு. உங்க பிள்ளைங்க ஓடி விளையாடலாம்." புள்ளி நின்ற இடம் எங்கள் ரூம். ரூமுக்குப் பின்னால் ஒரு வட்டம்கூட இல்லை. பச்சை. அக்கா, "அப்பச் சரி, ஆனாலும் ஆட்சேபணைதான்" என்றாள், சிரிப்பு, கைதட்டல். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது, புள்ளி ஓடினதில் எது எங்கே என்று பிடிபட்டிருக்காது, எல்லாரும் தட்டுகிறார்கள் என்று தட்டினாள். நெற்றியில் குங்குமத்தோடு, மெதுவாக, நல்ல சந்தோஷமாக. மணல் கொட்டுவதற்கு.

ஆதரவு என்றால் மணல். ஆட்சேபணை என்றால் கான்கிரீட் மூடி அப்படியே. இரண்டு கட்டத்தில் எதில் டிக் அடித்தாலும் கிணறு திறக்காது. இதை அம்மாவிடம் போய்ச் சொல்லலாம், இருபத்தாறு பேச ஆரம்பித்தாயிற்று, நேரமில்லை, சொன்னால் என்ன ஆகும், சரிட்டி விடு என்பாள், வீட்டுக்குப் போவோம், நாளைக் காலையில் விரல் அந்தரத்தில் நிற்கும், நான் பாயிலிருந்து பார்ப்பேன். நான்தானே கயிற்றை நிறுத்தினது. வேறு யாரும் இல்லை. முதலாளி இல்லை, போலீஸ் இல்லை, கடல் இல்லை. ஒரு பிடரியைப் பார்த்துவிட்டு, பயத்தில் அதற்கு ஒரு சட்டையை மாட்டிவிட்டவள் நான். அல்லது பஸ்ஸிலேயே அந்தச் சட்டைதானா? அது யார் அப்போது? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். கிளார்க் கூப்பிடுகிறார், இந்த ஒரு தடவை பெயரோடு, "டோக்கன் இருபத்தேழு, வெயிலுகந்தாள்." பின்னால் யாரோ, பெயரைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களே அதே மாதிரி சிரிக்கிறார்கள். எழுந்தேன். கால் தரையில் பட்டதும் ஜில்லென்று முழங்கால் வரை ஏறியது. மூன்றாம் வரிசையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டினேன். திரும்பிப் பார்த்தேன். யாரோ. கம்பெனிக்காரர்களின் டிரைவராக இருக்கும், மடியில் கார் சாவி, கண் பாதி திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கு, வாய், எதுவும் அப்பா இல்லை. பிடரி எல்லாருக்கும் இருக்கிறது.

"சொல்லும்மா" என்றார் அதிகாரி அம்மா. "ஆட்சேபணையா, ஆதரவா?" மாசானமுத்து அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து கண்ணைக் கசக்கிக் காட்டுகிறார், அழு, அழு. "பச்சையாக் காட்டுனீங்கள்ல, அந்த இடத்துல ஒரு கிணறு இருக்கு. உங்க படத்துல இல்ல" என்றேன். என் குரல் நாலு ஸ்பீக்கரிலிருந்தும் வந்து என்மேலேயே விழுந்தது. இன்ஜினியர், "அதான் சொன்னேனே, மணல் போட்டு" என்று ஆரம்பித்தான். "போடக் கூடாது. முதல்ல திறந்து இறங்கிப் பாக்கணும். எங்கப்பா அதுக்குள்ள இருக்காவ." யாரோ இருமினார்கள், அது பாதியில் நின்றது. அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பாப்பா, இது அதுக்கான கூட்டம் இல்ல. காணாமப் போனவங்க விஷயம்னா போலீஸ்ல..." "போலீஸ்ல சொன்னதே நான்தான் மேடம். பஸ்ஸுல போனாவன்னு சொன்னேன். நான் பாத்தது எங்கப்பா இல்ல. அந்தச் சட்டை வீட்டுக் கொடியில கெடந்துச்சு. கயிறு மேல வந்துரும்னு பயந்து சொல்லிட்டேன். பதினோரு வயசு, அதெல்லாம் ஒரு காரணம் இல்ல, பெறவு ஆறு வருஷம் சொல்லாம இருந்தேன்ல." பின்னால் நாற்காலி ஒன்று தரையில் இழுபடுகிற சத்தம். திரும்பாமலே தெரியும். கொலுசு போடாத கால், நடு வழியில், அவசரமில்லாமல் வருகிறது. வந்து அறைவாள் என்று நினைத்தேன், அறையட்டும் என்று கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். இறால் கம்பெனியில் உரித்து உரித்துக் கையில் ஏறின இறால் வாசம். என் முதுகில் கையை வைத்தாள். "அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள், மைக்கில் இல்லை, எனக்கு மட்டும். "நீ சொன்னத நம்பணும்னு இருந்துச்சு." கை எடுக்கவில்லை. கிளார்க் பேனாவோடு அதிகாரியைப் பார்த்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "எழுதிக்கோங்க" என்றார் அதிகாரி அம்மா. "எந்தக் கட்டத்துல மேடம்?" "கட்டத்துல எழுதாதீங்க. தனிப் பேப்பர்ல எழுதுங்க." கிளார்க் ஒரு வெள்ளைத் தாளை உருவினார். "காணாமப் போனவர் பேரு?" வாயைத் திறந்தேன், பேர் கேட்டால் நான்தான் சொல்வது, ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கேயும். கட்டின நாளிலிருந்து அம்மா புருஷன் பெயரைச் சொன்னதில்லை, அவுக, இவ அப்பா, அவ்வளவுதான், சொன்னால் அவர் ஆயுசு குறையும். அம்மா என் வாயின் குறுக்கே கையை வைத்து மறித்துவிட்டு மைக் பக்கம் குனிந்தாள். உதடு அசைந்தது. "கேக்கல, சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் கிளார்க். அம்மா தலைச்சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராக நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"தவசிலிங்கம்."